பரணில் கிடந்த லேப்டாப்பில் ஒரு ஊர்

லீவுக்குப் பொள்ளாச்சியிலிருந்து அண்ணன் பிள்ளைகள் கேரளாவில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கு வந்ததும் ஆளுக்கொரு போனோடு மூலைக்கொருவராக உட்கார்ந்துவிட்டார்கள். சரி, போன் போகாது, விளையாட்டையாவது ஒன்றாக்குவோம் என்று பரணில் கிடந்த பழைய லேப்டாப்பில் லுவான்டி சர்வர் போட்டேன். கட்டை கட்டையாக அடுக்கி எல்லோரும் சேர்ந்து ஒரே உலகத்தைக் கட்டும் விளையாட்டு அது. 2024 வரை மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்ததுதான். காசு கிடையாது, ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். வீட்டு வைஃபையில் இருப்பவர்கள் லேப்டாப்பின் ஐபி எண்ணும் 30000 என்ற போர்ட்டும் கொடுத்தால் உள்ளே வந்துவிடலாம். ரவுட்டரில் வெளிவாசல் எதையும் திறக்கவில்லை. அதனால் முகம் தெரியாத ஆள் எவரும் வர வழியில்லை.

இரண்டே நாளில் வரிசையாகப் பனைமரம், ஓடை, ஒரு சாயாக்கடை! என் மகள் மலையாளத்தில் சண்டை போடுவாள், அண்ணன் மகன் கோவைத் தமிழில் பதில் சொல்வான்.

மூன்றாம் நாள் சின்னவன் சாயாக்கடையை இடித்துவிட்டான். ஒரே அழுகை. நல்லவேளை, யார் எந்தக் கட்டையை எடுத்தார்கள் என்று பதிவாகும் அமைப்பை முதலிலேயே இயக்கியிருந்தேன் (அது தானாக இயங்காது, நாம்தான் போட வேண்டும்). ரோல்பேக் (செய்ததைப் பழையபடி திருப்பும் கட்டளை) கொடுத்ததும் கடை திரும்ப வந்தது.

ராத்திரி சர்வரை நிறுத்தி, கட்டிய ஊரெல்லாம் இருக்கும் வேர்ல்டு ஃபோல்டரைப் பென்டிரைவில் நகலெடுக்கிறேன். லேப்டாப் பேட்டரி செத்து வருஷமாச்சு, கரண்ட் போனால் அவ்வளவுதான்.

அம்மா இப்போது கேட்கிறார்: "அந்தக் கடையில எனக்கொரு திண்ணை கட்டித் தருவீங்களாடா?"