கௌனாஸில் ஒன்பது நாள்

ஜூன் 17

லித்துவேனியாவின் தலைநகர் வில்னியுஸில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் 100 கிலோமீட்டர். கௌனாஸ் வந்து சேர்ந்தபோது இரவு ஒன்பதரை மணி, வெயில் இன்னும் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. என் கூடைப்பந்து அணியின் பன்னிரண்டு பெண்களும் ஆளுக்கொரு வீட்டில் தங்குகிறார்கள். நாளை மறுநாள் யாரை எதிர்த்து ஆடப்போகிறோமோ, அவர்கள் வீட்டிலேயே.

ஏழாம் நம்பர் என் கையை விடவே இல்லை. "மிஸ், அவங்க வீட்ல போய் நான் என்ன பேசுறது?" என்றாள். இவள் மைதானத்திலும் வாய் திறக்க மாட்டாள். இரண்டு வருடமாக எனக்கு அதே கவலை.

ஜூன் 18

இங்கே கூடைப்பந்துக்கு 'க்ரெப்ஷினிஸ்' என்று பெயர். 'க்ரெப்ஷிஸ்' என்றால் கூடை. அதைக் கேட்டதும் பெண்கள் "நம்ம மாதிரியே" என்று கத்திவிட்டார்கள்.

காலையில் பழைய விளையாட்டு அரங்கைப் பார்க்கப் போனோம். 1939 ஐரோப்பியப் போட்டிக்காகவே கட்டியது. 1937-ல் ரீகாவில் பட்டம் வென்ற லித்துவேனியா, 1939-ல் சொந்த ஊரில் அதைத் தக்கவைத்துக்கொண்டது. லாத்வியாவுடன் நடந்த ஆட்டம் 37–36. ஒரே புள்ளி! அந்த அணியின் தூண் பிரானாஸ் லுபினாஸ். லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த அவர், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கித் தந்த அணியில் இருந்தவர். அடுத்த வருடமே சோவியத் படை வந்து, நாடே கைவிட்டுப் போனது. வாசலில் நின்று பெண்களுக்கு இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

ஜூன் 19

முதல் ஆட்டம். 34–61, தோல்வி.

வளையம் அதே 3.05 மீட்டர், பந்தும் அதே 6-ம் சைஸ். உயரத்தில் அவர்கள் கூடுதல்தான், ஆனால் அதனால் தோற்கவில்லை. பந்து வைத்திருப்பவளை ஒட்டி நிற்கும் பெண்ணுக்கு, தன் முதுகுப் பக்கம் வழி மறிக்க எதிரணிப் பெண் வந்து நிற்பது, அதாவது ஸ்கிரீன், தெரியாது. ஸ்கிரீன் போட வருபவளைக் காக்கும் பெண்தான் அதைப் பார்த்துக் கத்த வேண்டும். எங்கள் பெண்கள் யாரும் கத்தவில்லை. ஒன்பதாம் நம்பர் நான்கு முறை அப்படியே மோதிக்கொண்டாள், அந்த நான்கு முறையும் அவர்களுக்கு லே-அப், வளையத்துக்குக் கிட்டப் போய்ப் போடும் சுலபப் புள்ளி. அவர்கள் பக்கம் ஐந்து பேரும் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தார்கள். இரைச்சல் கேலரிவரை கேட்டது.

ஜூன் 20

சேர்ந்து பயிற்சி. அவர்களுடைய கோச் பந்தை வாங்கி மூலையில் வைத்துவிட்டார். இருபது நிமிடம் பந்தே இல்லை. ஒருத்தி கண்ணைக் கட்டிக்கொண்டு டிஃபென்ஸ் நிலையில் நகர வேண்டும், ஜோடியாக இருப்பவள் பின்னால் நின்று குரலாலேயே வழி சொல்ல வேண்டும். ஜோடிகள் கலந்தவை, அதனால் சொற்களும் இரண்டு மொழியிலிருந்தும் வந்தன. 'கைரே' இடது, 'தெஷினே' வலது.

வலது பக்கத்தைச் சொல்லும் வடமொழி 'தட்சிண'மும் இந்த 'தெஷினே'யும் ஒரே வேர். பல்லுக்கு இங்கே 'தந்திஸ்', நாம் தந்தம் என்கிறோமே, அதுதான். இவ்வளவு தூரம் வந்து இதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது.

ஏழாம் நம்பரின் முறை வந்தது. கண் கட்டியிருந்தவள் அவள் தங்கியிருக்கும் வீட்டுப் பெண். முதலில் முணுமுணுப்புதான். அந்தப் பெண் நேரே போய்ச் சுவரில் தோளை இடித்துக்கொண்டாள். அடுத்த நொடி "தெஷினே! தெஷினே!" என்று ஒரு குரல். யார் என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

ஜூன் 21

ஜல்கிரிஸ் அரங்கு. நெமுனாஸ் ஆற்றுத் தீவில் 2011-ல் திறந்தது. 221 சென்டிமீட்டர் உயரக் கூடைப்பந்து வீரர் சபோனிஸ் பிறந்த ஊர் இதுதான். சாயங்காலம் ஏழாம் நம்பர் தங்கியிருக்கும் வீட்டில் எனக்கும் சாப்பாடு. பீட்ரூட் போட்ட குளிர்ந்த சூப், நல்ல ரோஸ் நிறம். அந்த வீட்டுப் பாட்டி 1992 பார்சிலோனா வெண்கலத்தைப் பற்றிச் சொன்னார், பேத்தி ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னாள். மீண்டும் தனிநாடான பிறகு முதல் கோடைக்கால ஒலிம்பிக், எதிரே முன்னாள் சோவியத் நாடுகளின் கூட்டணி, 82–78. ஸ்கோரை மட்டும் பாட்டி தானே விரல் மடக்கிக் காட்டினார், இரண்டு தடவை.

ஜூன் 22

மழை, ஓய்வு. துணி துவைத்தோம்.

ஜூன் 23

இரண்டு அணிகளையும் கலைத்துக் கலந்து ஓர் ஆட்டம். இடைவேளையில் ஸ்கோர் என்ன என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாவது குவார்ட்டரில் ஏழாம் நம்பர் ஸ்கிரீன் வருவதைப் பார்த்துக் கத்தினாள். ஒன்பதாம் நம்பர் இந்தத் தடவை மோதவில்லை, தோளைச் சாய்த்து மேலே ஏறிப் பந்தைத் தட்டிவிட்டாள். நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன்.

இரவு யோனினேஸ் என்ற நடுக்கோடை விழா. பூவும் புல்லும் பின்னிய வளையங்களை ஆற்றில் மிதக்கவிட்டார்கள். நாங்களும் விட்டோம்.

ஜூன் 25

பஸ்ஸில் ஒரே வாக்குவாதம். இனி ஆட்டத்தில் வலது, இடது என்று கத்துவதா, தெஷினே, கைரே என்று கத்துவதா? எதிரணிக்குப் புரியாது என்பது ஏழாம் நம்பரின் வாதம். கடைசி சீட்டிலிருந்து சொன்னாள், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.