வேப்பமரத்தடி வகுப்பு: அக்டோபர் மாத நாட்குறிப்பு

அக்டோபர் 6, திங்கள்

காலாண்டு விடுமுறை முடிந்து இன்று பள்ளி திறந்தபோது, வளாகம் முழுவதும் வேப்பிலையும் புங்கை இலையும் கனமாகப் படிந்து கிடந்தன. தூய்மைப் பணியாளர் அக்கா வழக்கம்போல் கூட்டிக் குவித்துத் தீ வைக்க ஆயத்தமானார். எரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எரித்தால் புகையாகப் போகும் இலை, மட்கினால் இதே மரங்களுக்கு உரமாகும் என்பதைக் குழந்தைகள் நேரில் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். மட்குக் குழிக்கு ஐந்தாம் வகுப்பினரே இடம் தேர்ந்தார்கள். மழைநீர் தேங்காத, சமையற்கூடத்தை விட்டு விலகிய மதிலோரம் அது.

அக்டோபர் 8, புதன்

ஒரு மாணவியின் தந்தை வந்து குழி வெட்டித் தந்தார். காய்ந்த இலைகளை மட்டும் போட்டால் மட்குவதற்கு வெகுநாளாகும் என்பதால், சத்துணவுக் கூடத்துக் காய்கறித் தோல்களையும் சாணக் கரைசலையும் இடையிடையே அடுக்கடுக்காகச் சேர்த்தோம். ஒரு வலைப்பையில் வாழையிலைத் துண்டு, பருத்தித் துணி, பிஸ்கட் உறை மூன்றையும் போட்டுக் கட்டி நடுவில் வைத்திருக்கிறோம்.

அக்டோபர் 10, வெள்ளி

கறிவேப்பிலை மரத்தில் பறவை எச்சம் ஒட்டியிருப்பதாக மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் சொன்னார்கள். உற்றுப் பார்த்தபோது அந்த எச்சம் நகர்ந்தது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுக்கள் அவை. பறவைகள் தின்னாமல் விடுவதற்காகவே அந்த வேடம் என்றும், வளர்ந்தபின் இலையோடு இலையாக மறைவதற்குப் பச்சை நிறமாக மாறும் என்றும் விளக்கினேன். ஒரு சிறுவன் ஈர்க்குச்சியால் மெல்லத் தொட, தலைக்குப் பின்னாலிருந்து இரண்டாகக் கிளைத்த சிறு உறுப்பு ஒன்று வெளிப்பட்டு நாற்றம் வீசியது. பாடநூலில் ‘தற்காப்பு’ என்று படித்தது அந்த நொடியில் அவர்களுக்கு விளங்கிவிட்டது.

சமையலர் அக்காவுக்கு வருத்தம்தான். சாம்பாருக்குப் பறிக்கும் இலையைப் புழு தின்றால் மருந்தடிக்க வேண்டாமா என்று கேட்டார். குழந்தைகள் அவரோடு நெடுநேரம் பேசி, மேற்குப் பக்கக் கிளைகள் புழுக்களுக்கு, மற்றவை சமையலுக்கு என்று உடன்பாடு கண்டார்கள். நான் இதில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சுற்றுச்சூழல் கல்வி என்று நான் நம்புவது இதைத்தான்.

அக்டோபர் 15, புதன்

பேரனை அழைத்துப்போக வந்த பெரியவர் ஒருவர், “பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்தால் படிப்பு என்னாவது, டீச்சர்?” என்று கவலையோடு கேட்டார். நியாயமான கவலை. பேரனின் குறிப்பேட்டைத் திறந்து காட்டினேன்: புழுவின் நீளம் மில்லிமீட்டரில், நாள் வாரியாக, படத்தோடு இருந்தது. சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டிலேயே கூறியது. ஒன்றாம் வகுப்பிலேயே சூழ்நிலையியல் பாடம் இருந்தும், அதைச் சுவருக்குள் வைத்தே நடத்தி முடித்துவிடும் பழக்கம் நம்மிடம் மாறவில்லை என்பது என் ஆதங்கம். ஆண்டுக்கொரு மரக்கன்று நடும் விழா இதற்கு ஈடாகாது. அதே மரத்திடம் குழந்தைகள் வாரந்தோறும் திரும்பிப் போக வேண்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

இரவு நல்ல மழை. தண்ணீர்ப் புட்டியின் மேற்பகுதியை வெட்டிப் புனலாகக் கவிழ்த்து நாங்கள் செய்த மழைமானியில் 12 மில்லிமீட்டர் இருந்தது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். எட்டு மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் உள்ள வகுப்பறைக் கூரையில் விழுந்தது 576 லிட்டர் என்று ஐந்தாம் வகுப்பினர் கணக்கிட்டுவிட்டு, “அவ்வளவும் தெருவுக்கா போச்சு, டீச்சர்?” என்று கேட்டார்கள். ஆம், குழாய் உடைந்திருப்பதால் அவ்வளவும் தெருவுக்குத்தான் போயிற்று. பரப்பளவுப் பாடம் இவ்வளவு ஊக்கத்தோடு நடந்து நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

தீபாவளி விடுமுறைக்குள் புழுக்கள் கூட்டுப்புழுக்களாகிவிட்டன. ஒன்று இன்று காலை வண்ணத்துப்பூச்சியாக வெளிவந்தது. சிறகு உலரும்வரை ஒருவரும் தொடாமல் காத்திருந்தார்கள்.

மதியம் குழியைக் கிளறினோம். குவியல் பாதியாகத் தாழ்ந்திருந்தது. வாழையிலை நரம்பாகியிருந்தது, துணி கறுத்து இற்றுப்போகத் தொடங்கியிருந்தது, பிஸ்கட் உறையோ கழுவினால் புதிதுபோல் இருந்தது. பிளாஸ்டிக்கையும் உலோகப் படலத்தையும் ஒட்டிச் செய்வதால் அது மட்காது, மறுசுழற்சிக்கும் எளிதில் பிரிபடாது.

பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில், உடைந்த குழாயைச் சரிசெய்து ஒரு தொட்டி வைக்கக் கேட்கப்போகிறோம். 576 லிட்டர் கணக்கைப் பெரிய தாளில் எழுதி, குழுவின் முன் தாங்களே விளக்குவதாக ஐந்தாம் வகுப்பு மாணவிகள் இருவர் முன்வந்திருக்கிறார்கள்.