அம்மா நேர்ந்தது எனக்காக

தவக்காலம் முடிவதற்குள் கோட்டாற்றில், கிறிஸ்தவ விசுவாசத்துக்காக உயிர்விட்ட புனித தேவசகாயத்தின் கல்லறையில் ஜெபித்துவிட்டு, அவரைச் சுட்டுக்கொன்ற ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் மெழுகுதிரி கொளுத்தவேண்டும் என்பது அம்மாவின் நேர்ச்சை. களியக்காவிளையில் விடியற்காலை நாகர்கோவில் பஸ் பிடித்தோம். புலியூர்க்குறிச்சி வந்ததும் அம்மா ஜன்னல் வழியாகவே சிலுவை போட்டுக்கொண்டார். தாகத்தில் தேவசகாயம் முட்டியால் இடிக்கத் தண்ணீர் வந்ததாகச் சொல்கிற முட்டிடிச்சான் பாறை அங்கேதான். உதயகிரிக் கோட்டைக்குள் டச்சுப் படையில் இருந்த டிலனாயின் கல்லறை. 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டவர், பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியானார். வீட்டில் நஷ்டத்துக்கு மேல் நஷ்டமாக நொந்துபோயிருந்த நீலகண்டனுக்கு எல்லாம் இழந்தும் கடவுளை விடாத பைபிள் யோபுவின் கதையைச் சொன்னது அவர்தான். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று நீலகண்டன் தேவசகாயம் ஆனார்.

பஸ்ஸில் அம்மாவிடம் கேட்டேன்: "வேலை போச்சே, பிறகு எதுக்கம்மா இந்த நேர்ச்சை?"

"நான் ஒனக்க வேலைக்கா மக்களே நேர்ந்தேன்? நீ ஒப்புப் போட்டிரப்பிடாதுன்னுல்லா நேர்ந்தேன். கேட்டது கெடச்சில்லா!"

அதுவரை எனக்கு இது தெரியாது. திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். தமிழ்க்காரி என்பதால் கொஞ்சம் தள்ளித்தான் வைத்திருந்தார்கள், அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. தவக்கால வெள்ளியில் சுத்தபோசனம் என்று பீஃப் வறுவலை ஒதுக்கினால், இந்தக் காலத்திலும் இப்படி ஒரு ஆளா என்று சிரிப்பார்கள். கிறிஸ்மஸ் கேக் வரைக்கும் நம் விசுவாசம் எல்லோருக்கும் பிடிக்கும். வராத சரக்குக்கு வந்ததாக பில் போட்டுக் கையெழுத்துக் கேட்டபோது முடியாது என்றேன், அதுதான் யாருக்கும் பிடிக்கவில்லை. எல்லா இடத்திலும் நடக்கிறதுதானே என்றார்கள். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் தீர்ந்தது என்று சொன்னவர் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். அந்த வார்த்தைதான் ரொம்ப வலித்தது. கடைசியில் வேலை போனது. இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறேன். சம்பளம் குறைவு.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் நல்ல கூட்டம். கல்லறையைத் தொட்டு ஜெபிக்க வரிசையில் நின்றால், முன்னால் நிற்கிறவர்கள் செல்ஃபி எடுத்துத் தீரவில்லை. ஆரல்வாய்மொழியில் ஆட்டோக்காரர் கேட்ட கூலி அநியாயம். மலையடியில் ஒருவர் மெழுகுதிரிக் கட்டைக் கையில் திணித்துவிட்டு, திருப்பிக் கொடுத்தால் வாங்கமாட்டேன் என்கிறார். புனிதரைப் பார்க்க வருகிறவர்களிடம் இப்படிப் பிடுங்கலாமா? அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

காற்று சீசன் இல்லைதான், ஆனாலும் கணவாய்க் காற்றுக்கு அதெல்லாம் கணக்கில்லை. திரி பற்றும், அணையும். மறுபடி பற்றும், மறுபடி அணையும். பாறசாலையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மச்சி எங்களைப் பார்த்துவிட்டு, தோளில் போட்டிருந்த நேரியதை இரண்டு கையாலும் விரித்துக் காற்றுக்குக் குறுக்கே நின்றார். திரி நின்று எரிந்தது. அவருடைய திரியையும் அதிலேயே பற்றவைத்துக் கொடுத்தோம்.

முழந்தாளிட்டிருக்கிற சொரூபத்தின் முன்னால் நானும் முழந்தாளிட்டேன். கண் போனது அந்தக் கைகளுக்குத்தான். கும்பிட்ட கைகள், மணிக்கட்டில் சங்கிலி. அரண்மனை உத்தியோகம் பார்த்த கைகள் இவை. 1749-இல் ராஜாவின் ஆட்கள் பிடித்தார்கள். எருக்கம்பூ மாலை போட்டு, எருமைமேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த காயத்தில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள். கிறிஸ்தவ வேதத்தை விட்டுவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனையும் நின்றிருக்கும். அவர் சொல்லவில்லை. 1752 ஜனவரி 14 அன்று இதே மலையில் சுட்டார்கள். அவர் பட்டதற்கு முன்னால் நான் பட்டது ஒன்றுமே இல்லை, ஆனாலும் என் கையையும் அவர்தான் பிடித்துக்கொண்டார். அந்த மேசை முன்னால் ஒரு தனியாள் நான். எனக்கு எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்? அழுகை தாங்க முடியவில்லை. பக்கத்தில் பிள்ளைகள், தட்டினால் மணிபோல ஒலிக்கிற மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள், எனக்கு அது பூசை மணியாகவே கேட்டது.

2022 மே 15 அன்று ரோமில் இவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததை டிவியில் பார்த்துவிட்டு அம்மா சொன்னது ஞாபகம் வந்தது: "சாமியாருமில்ல, கன்னியாஸ்திரியுமில்ல. பெண்டாட்டியும் வேலையுமா இருந்த மனுசன். நம்மளப் போல உள்ளவங்களுக்குன்னு ஒரு ஆளு." இந்தியாவின் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவர். அவர் மனைவி ஞானப்பூவையும் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். வேலை போன அன்று என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சோறு போட்ட அம்மாவையும்.

எதற்கென்று நன்றி சொல்ல? போன வேலைக்கும் சேர்த்தே சொன்னேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வருகிறது, அதற்கும் சொன்னேன். பேர் தெரியாத அந்த அம்மச்சிக்கும் சொன்னேன்.

இறங்கும்போதே அம்மா அடுத்த நேர்ச்சையைச் சொல்லிவிட்டார். துபாயில் இருக்கிற தம்பிக்காக. சம்பள உயர்வுக்கோ விசாவுக்கோ இல்லை, கூட இருக்கிறவர்கள் என்ன சொன்னாலும் அவன் ராத்திரி ஜெபமாலையை விட்டுவிடக் கூடாது என்று. வருகிற ஜனவரி 14-க்கு லீவு கேட்டிருக்கிறான். கிடைத்தால் மூன்று பேருமாக வருகிறோம், தேவசகாயமே.