செங்கோட்டை பாசஞ்சரில் படித்த கணிதம்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் "பி.எஸ்சி. மேக்ஸ் எடுக்கலாமாக்கா?" என்று கேட்டால் நான் ஒரு கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பேன். விடை சரி என்று தெரிந்த பிறகும், அது ஏன் சரி என்று உட்கார்ந்து யோசிக்க உனக்குப் பிடிக்குமா? பிடிக்கும் என்றால் தைரியமாக எடு. பள்ளியில் கணக்குக்கு எத்தனை மார்க் என்பதை நான் கேட்பதே இல்லை. சென்டம் வாங்கிவிட்டு இரண்டாம் வருடம் திணறியவர்களையும் பார்த்திருக்கிறேன், எழுபது வாங்கிவிட்டு ஜம்மென்று படித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஊர் வீரவநல்லூர். அப்பா தறி நெய்கிறவர். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. 2022இல் திருநெல்வேலியில் ஓர் அரசுக் கல்லூரியில் சேர்ந்து 2025இல் முடித்தேன். சேர்க்கை பெரிய சிக்கல் இல்லை. ஆன்லைனில் விண்ணப்பம் போட வேண்டும். மொழிப் பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களின் மார்க்கை 400க்குக் கூட்டித் தரவரிசை போடுவார்கள், அப்புறம் கலந்தாய்வு. நான் சேர்ந்த வருடம் செப்டம்பரில்தான் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். ரயில் சீசன் டிக்கெட்டும் நோட்டுப் புத்தகங்களும் அதில்தான். அந்தப் பணத்தின் அருமை எங்கள் மாதிரி வீடுகளுக்குத்தான் தெரியும்.

முதல் வருடம் நுண்கணிதம், முக்கோணவியல், சமன்பாடுகள் என்று பள்ளிக்கூடத்தின் தொடர்ச்சி போலத்தான் போகும். புத்தகம் ஆங்கிலத்தில் இருப்பது ஒன்றுதான் மலைப்பாக இருக்கும். கணிதத்தில் வரும் ஆங்கிலம் கொஞ்சம்தான். அதே வார்த்தைகள் திரும்பத் திரும்ப வரும். பொங்கல் லீவுக்குள் பழகிவிடும், இதற்குப் பயந்து யாரும் பின்வாங்க வேண்டாம். மெய்யெண் பகுப்பாய்வும் நவீன இயற்கணிதமும் வரும்போதுதான் நிஜமான கணிதம் ஆரம்பிக்கிறது. கணக்கைப் போட்டு விடை எழுதுவது போய், 'நிரூபி' என்று கேட்க ஆரம்பிப்பார்கள்.

இங்கேதான் நிறையப் பேர் மனப்பாடத்தில் இறங்குகிறார்கள். பழைய கேள்வித்தாள்களைப் புரட்டி, எந்தத் தேற்றம் அடிக்கடி வருகிறதோ அதை வரி வரியாக உருப்போட்டு எழுதிவிடுவது. இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75 என்ற கணக்கில் இப்படியும் பாஸ் பண்ணிவிடலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் மூன்று வருடம் படித்துவிட்டுக் கையில் ஒன்றும் இல்லாமல் வெளியே வருவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. அவ்வளவு அழகான பாடம் இது.

எனக்கு வழி காட்டியது ரயில். எங்கள் வீட்டில் பகலெல்லாம் தறிச் சத்தம். அதனால் படிப்பு பெரும்பாலும் செங்கோட்டை - திருநெல்வேலி பாசஞ்சரில்தான். கல்லிடைக்குறிச்சியில் ஒருத்தி ஏறி இடம் பிடித்து வைப்பாள், அடுத்து நான், சேரன்மகாதேவியில் இன்னொருத்தி. மூன்று பேரும் ஒரே வகுப்பு.

தொடர்வரிசையின் எல்லை நடந்துகொண்டிருந்த சமயம். 1, 1/2, 1/3, 1/4 என்று போகிற தொடர்வரிசை பூஜ்யத்தை நெருங்குகிறது என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் எப்சிலான் என்று பூஜ்யத்தைவிடப் பெரிய ஒரு குட்டி எண்ணை வைத்து எழுதிய வரையறையைப் படித்தால் தலை சுற்றும். கல்லிடைக்குறிச்சிக்காரிதான் அதை ஒரு விளையாட்டாக மாற்றினாள். "ஏட்டி, நான் ஒரு குட்டி எண் சொல்லுதேன். எத்தனாவது உறுப்புக்கு அப்புறம் எல்லாமே அதுக்குக் கீழ போயிரும்னு நீ சொல்லு."

"0.01."

"நூறாவதைத் தாண்டிட்டா போதும்."

"0.0003."

இதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1ஐ 0.0003ஆல் வகுத்தால் 3333 சொச்சம். ஆக 3334இலிருந்து எல்லாமே கீழேதான். அவள் எவ்வளவு சின்ன எண் சொன்னாலும் நான் ஒரு பதில் சொல்லிவிடலாம், வரையறை கேட்பது அவ்வளவுதான். காருகுறிச்சி தாண்டுவதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "சரி, நீ முதல்ல உன் நம்பரைச் சொல்லிரு. அப்புறம் நான் எப்சிலான் சொல்லுதேன்." இப்போது ஆட்டமே மாறிவிட்டது. நான் பத்து லட்சம் என்று சொன்னாலும், அவள் அதைவிட நுணுக்கமான ஒன்றைச் சொல்லி என்னைத் தோற்கடித்துவிடுவாள். யார் முதலில் பேசுவது என்பதில்தான் அந்த வரையறையின் உயிர் இருக்கிறது. தொடர்ச்சிக்கும் (ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னால் போதும்) சீரான தொடர்ச்சிக்கும் (எல்லாப் புள்ளிக்கும் ஒரே பதில் சொல்ல வேண்டும்) உள்ள வித்தியாசம் பின்னால் வந்தபோது, அதுவும் இதே சங்கதிதான் என்று சட்டென்று பிடிபட்டது.

அதற்குப் பிறகு எந்தத் தேற்றம் வந்தாலும் அதை உடைத்துப் பார்ப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்புக்குப் பெரும மதிப்பு உண்டு என்று ஒரு தேற்றம். 'மூடிய' என்பதை எடுத்துவிடு, என்ன ஆகிறது? பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே, இரண்டு முனைகளையும் விட்டுவிட்டு, 1/எக்ஸ் வரைந்து பார். பூஜ்யத்தை நெருங்க நெருங்க மேலே போய்க்கொண்டே இருக்கும், உச்சம் என்று ஒன்றே கிடையாது. தொடர்ச்சியான, வகையிடத்தக்க ஒரு சார்பு இரண்டு முனையிலும் ஒரே உயரத்தில் இருந்தால் நடுவே எங்கேயாவது சாய்வு பூஜ்யமாகும் என்பது ரோல் தேற்றம். அதில் 'வகையிடத்தக்க' என்பதை எடுத்துவிடு. எக்ஸின் மட்டு மதிப்பை -1இலிருந்து 1 வரை வரைந்தால் இரண்டு முனையிலும் ஒரே உயரம், ஆனால் சாய்வு பூஜ்யமாகும் இடம் எங்கேயும் இல்லை. நடுவில் கூர்முனைதான் இருக்கிறது. இப்படி ஒவ்வொரு வார்த்தையையும் பிடுங்கிப் பார்த்தால் அது எதைத் தாங்கி நிற்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் நிரூபணத்தை உருப்போட வேண்டியதே இல்லை, அந்த வார்த்தை எந்த வரியில் வேலை செய்கிறது என்று கை தானாகத் தேடும்.

இயற்கணிதத்திலும் அப்படித்தான். குலம் என்பது சில விதிகளுக்கு உட்பட்டு உறுப்புகளை ஒன்றோடொன்று சேர்க்கக்கூடிய ஒரு கணம்; அதற்குள்ளேயே குலமாக நிற்கும் ஒரு பகுதி உட்குலம். ஒரு முடிவுறு குலத்தில் உட்குலத்தின் உறுப்பு எண்ணிக்கை, மொத்த எண்ணிக்கையை மீதியின்றி வகுக்கும் என்பது லெக்ராஞ்சி தேற்றம். அப்படியானால் வகுக்கிற ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் உட்குலம் இருக்குமா? நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள் (இரண்டிரண்டு பொருளாக இடம் மாற்றுவதை இரட்டைப்படைத் தடவை செய்தால் கிடைப்பவை) மொத்தம் 12. ஆறு 12ஐ வகுக்கிறது. ஆனால் ஆறு உறுப்புள்ள உட்குலம் அதில் இல்லவே இல்லை. ஜெராக்ஸ் கடையில் கழித்துப் போட்ட ஒருபக்கத் தாள்களில் பன்னிரண்டையும் எழுதி, ஒன்றோடொன்று பெருக்கி, நாங்களே தேடித் தேடி இல்லை என்று கண்ட அன்றைக்கு வந்த சந்தோஷம் செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்றைக்குக்கூட வரவில்லை.

எங்கள் ரயில் பாதையின் அந்தக் கோடியைச் சேர்ந்த ஒருவரைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். குற்றாலத்துக்குப் பக்கத்து வல்லத்துக்காரர், எஸ்.எஸ். பிள்ளை. எண்ணியலில் வாரிங் பிரச்சினை என்று ஒன்று உண்டு (எந்த எண்ணையும் வர்க்கங்களின், கனங்களின், இன்னும் மேல் அடுக்குகளின் கூட்டலாக எழுத அதிகபட்சம் எத்தனை தேவை என்ற கேள்வி), அதில் உலகமே மதிக்கும் வேலை செய்தவர். 1950 ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்த சர்வதேசக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்துபோனார். அவர் நிரூபித்த ஒரு விஷயம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். அடுத்தடுத்து வரும் எண்களை எங்கிருந்து எடுத்தாலும், 16 எண்கள் வரை, மற்ற எல்லாவற்றோடும் பொதுக் காரணி இல்லாத ஓர் எண்ணாவது அதில் இருந்தே தீரும். 17 எண்கள் என்றால் அந்த உறுதி போய்விடுகிறது. 2184இலிருந்து 2200 வரை எடுத்துப் பாருங்கள். இரட்டை எண்களுக்குள் 2 பொது. 2185க்கும் 2200க்கும் 5 பொது. 2189க்கும் 2200க்கும் 11. 2191க்கும் 2184க்கும் 7. 2197 என்பது 13ஐ மூன்று தடவை பெருக்கியது, 2184இலும் 13 இருக்கிறது. மீதியை நீங்களே போட்டுப் பாருங்கள், ஒன்றுகூடத் தப்பாது. நம் பக்கத்து மனிதர் இவர் என்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

நிலையியல், இயக்கவியல், செயல்முறை ஆராய்ச்சி, புள்ளியியல் இதெல்லாம் முறையாகப் பழகினால் மார்க் தரும் பாடங்கள். செயல்முறை ஆராய்ச்சியில் வரும் சிம்ப்ளெக்ஸ் அட்டவணையில் கவனம் வேண்டும், நேரமும் பிடிக்கும், அவ்வளவுதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஜங்ஷன் வரை ஏறிவந்து எல்லாம் நின்றுபோனபோது எங்கள் படிப்பும் சேர்ந்து நின்றது. அந்த நாட்களில் போனில் சார்ஜ் இருக்கும்போதெல்லாம் ஒருத்திக்கொருத்தி தேற்றம் சொல்லிக்கொண்டோம். வாய்விட்டுச் சொல்லும்போதுதான் எங்கே இடிக்கிறது என்பது தெரியும். தனியாகப் படிக்கிறவர்கள் சுவரைப் பார்த்தாவது சொல்லிப் பழகுங்கள்.

ஊரில் எல்லாரும் கேட்பது "அப்ப பி.எட். தானம்மா?" என்றுதான். பி.எட். நல்ல வழி, என் கூடப் படித்தவர்கள் பாதிப்பேர் அதில்தான் சேர்ந்தார்கள். ஆனால் ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்று ஒரு தேர்வு இருப்பது மூன்றாம் வருடம் வரை பலருக்குத் தெரிவதே இல்லை. பிப்ரவரியில் நடக்கும், மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். அதில் பத்துக் கேள்விகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருக்கலாம். ஒவ்வொரு விடையும் ஒரு சின்னத் தேற்றம் மாதிரி நிற்கும், உண்மையா பொய்யா என்று நாம் உடைத்துப் பார்க்க வேண்டும். ரயிலில் பழகியது எனக்கு அங்கே அப்படியே கைகொடுத்தது. ரேங்க் வந்தது. வீட்டுச் சூழல் காரணமாக நான் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சேர்ந்தேன், இங்கேயும் சந்தோஷமாகத்தான் படிக்கிறேன். கல்லிடைக்குறிச்சிக்காரி ஐ.ஐ.டி.க்குப் போய்விட்டாள்.

பாடங்களுக்கு, ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். வீடியோக்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நல்ல மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் எம்.டி.டி.எஸ். என்ற கணிதப் பயிற்சி முகாம் 1993 முதல் நடந்து வருகிறது, இரண்டாம் வருடத்திலேயே அதற்குப் போட்டுப் பாருங்கள். ஜாம் விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும். ஐந்தாம் செமஸ்டர் தொடங்கியதுமே பழைய வினாத்தாள்களை இறக்கி வைத்துக்கொண்டு, கூட இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.