நீலகிரிப் பூங்காக்கள்: கோடைக் குறிப்பேடு

ஏப்ரல் 21, 2025

மலை ஏறுமுன் இ-பாஸ், அதாவது இணையத்தில் பதிவுசெய்து பெறும் அனுமதிச் சீட்டு. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இது கட்டாயம். இந்தக் கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு: வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000. அரசுப் பேருந்திலும் மலை ரயிலிலும் வருபவர்களுக்குப் பாஸ் வேண்டாம். கல்லாறு சோதனைச் சாவடியில் வரிசை நீள்வதற்குப் பாதிக் காரணம், அங்கே வந்து நின்ற பிறகே போனை எடுத்துப் பதிவுசெய்யத் தொடங்குபவர்கள். வீட்டிலேயே வாங்கி, வண்டி எண்ணை ஒருமுறை சரிபார்த்து, படமாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மலையில் தடை. எவர்சில்வர் பாட்டில் போதும், குடிநீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

சீசன் நெரிசலில் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். ஆகவே குன்னூர் சிம்ஸ் பூங்காவை ஏறும்போதே பார்த்துவிட வேண்டும். ‘திரும்பும்போது பார்த்துக்கலாம்’ என்றால் அந்த வழி கிடைக்காமல் போகலாம். இறக்கத்தில் இரண்டாவது கியர். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சூடேறிப் பிடிப்பு போய்விடும்.

ஏப்ரல் 29

ஊட்டி தாவரவியல் பூங்கா. மலர்க் காட்சிக்காக மலர் மாடங்களில் தொட்டிகளை அடுக்குவதற்கு முந்தைய நாட்கள்தான் செடி பார்க்கிறவர்களுக்கு ஏற்றவை. கோடைப் பூவுக்கான நாற்று வேலை உறைபனி விழும் மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது. இளஞ்செடிகளை மிலாறு செடிக் கிளைகளை வைத்து மூடி, காலையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பார்கள். விட்டுவிட்டால் இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து செல் கிழிந்து, வெயில் ஏறியதும் கருகிவிடும். சமவெளியைவிட இங்கே வளர்ச்சி மெதுவாக இருப்பதால், மே மாதப் பூவுக்கு ஜனவரி, பிப்ரவரியிலேயே விதை மண்ணில் இருக்க வேண்டும்.

பூவை விடுங்கள், இந்தப் பூங்காவின் சொத்து மரங்களும் சரிவும். லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த தோட்டக்கலைஞர் மெக்ஐவர் 1848-இல் வேலையைத் தொடங்கியபோது மேலே செங்குத்தான காடு, கீழே சதுப்பு. தொட்டபெட்டாவின் சரிவை அடுக்கடுக்காக வெட்டி, சுமார் 22 ஹெக்டேரில் தோட்டமாக்கினார். நேராக உள்ளே இருக்கும் இத்தாலியன் பூங்காவுக்கு ஓடாமல், முதலில் குரங்கு ஏறா மரத்தின் அடியில் நின்று கிளையைப் பாருங்கள். ஊசி முனை இலைகள் தண்டையே போர்த்தியிருக்கும், பெயருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு ‘சிமென்ட்’ என்கிறவர்கள் அதிகம். மண்ணில் புதைந்த மரத்தில் சிலிகா ஊறி, நார் இருந்த இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. அதனால்தான் நார் வரி இன்னும் தெரிகிறது.

பெரிய புல் மைதானத்தில் கயிறு கட்டியிருந்தால் தாண்ட வேண்டாம். ஆயிரம் கால் மிதித்தால் மண் இறுகி வேருக்குக் காற்று போகாது, புல் வெளுக்கும். மேல் கோடியில் தோடர் பழங்குடியினரின் மந்து இருக்கிறது. அது காட்சிப் பொருளன்று, மனிதர்கள் குடியிருக்கும் ஊர். கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

மே 7

ஊட்டி விஜயநகரம் ரோஜாப் பூங்கா, 1995-இல் மலர்க் காட்சியின் நூற்றாண்டு நினைவாகத் தொடங்கியது. எல்க் குன்றின் சரிவில் ஐந்து அடுக்கு. ஜனவரியில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால் ஏப்ரலில் மொட்டு கட்டி மே முதல் பாதியில் உச்சம். பலர் மே கடைசியில் வந்து, கொட்டிய இதழைப் பார்த்து ஏமாறுகிறார்கள்.

காலை பத்துக்குள் போய்விடுங்கள். வெயில் ஏற ஏற மணம் ஆவியாகிவிடும், படமும் வெளிறிவிடும். குளிராக இருக்கிறதே என்று தொப்பியை அறையில் விட்டுவராதீர்கள். இந்த உயரத்தில் காற்று குளிர்ந்திருந்தாலும் தோல் எரியும். மேலேயிருந்து கீழே இறங்கினால் மூச்சு மிச்சம். ஆனால் திரும்ப ஏற வேண்டும் என்பதைப் பாட்டி தாத்தாவுடன் வருபவர்கள் மறக்கக் கூடாது.

மே 13

சிம்ஸ் பூங்கா, குன்னூர். 1874-இல் உருவானது, 12 ஹெக்டேர். ஊட்டியைவிட ஏறக்குறைய 450 மீட்டர் தாழ்வு என்பதால் இரண்டு மூன்று டிகிரி வெப்பம் கூடுதல்; உறைபனியும் அவ்வளவு இல்லை. மரப்பெரணி இங்கே நன்றாக இருப்பது அதனால்தான். பள்ளத்தாக்கின் இயற்கை வடிவைக் கலைக்காமல் அமைத்த தோட்டம். வாசல் மேலே, குளம் அடியில். படிகளில் பாசி இருக்கும், தேய்ந்த செருப்பு ஆகாது. ருத்திராட்ச மரத்தடியில் நீல நிறப் பழம் கிடந்தால், கடையில் பார்த்த கொட்டை அதற்குள்தான் இருக்கிறது.

மே 17, சனி

ஊட்டியில் மலர்க் காட்சி. அலங்கார வடிவங்களைப் பார்க்கத்தான் கூட்டம். செடி பார்க்க இது நாளே அல்ல. குழந்தைகள் கேட்டால் வார நாளில், கதவு திறந்ததும் நுழையுங்கள். முதலில் கண்ணாடி மாளிகை, பிறகு மலர் மாடம், கடைசியாகப் புல் மைதான அலங்காரம். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்வதால் மாடம் முதல் ஒரு மணி நேரம் காலியாக இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் இடியுடன் மழை வரலாம், குடை அவசியம். கொய்த பூக்களில் செய்த அலங்காரம் மூன்றாம் நாளிலிருந்து வாடும். தொட்டிச் செடி கடைசி நாள் வரை தாங்கும்.

மே 24

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இன்றே தொடங்கிவிட்டது, வழக்கமான ஜூன் 1-க்கு எட்டு நாள் முன்னதாக. இனி ரோஜா பார்க்க வர வேண்டாம்: இதழ்களுக்கிடையே நீர் தங்கினால் சாம்பல் பூசணம் பிடித்து, மொட்டு விரியாமலே பழுப்பாகும். அறை பதிவு செய்துவிட்டவர்கள் குன்னூரோடு நின்று மரப்பெரணியைப் பார்க்கலாம்; ஈரத்தில் அதன் பச்சை இன்னும் கூடும். ஆனால் சிவப்பு எச்சரிக்கை வந்தால் பூங்காக்களையே மூடிவிடுவார்கள், மரமும் சாயும். அறிவிப்பைப் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.