மருத்துவர் கேட்ட கேள்வி

"எங்கேயாவது வெளிநாடு போனீர்களா?"

மாதக்கணக்கில் இருமும் அண்ணனிடம் இன்று புது மருத்துவர் முதலில் கேட்டது இதுதான். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனம், புழுதிக்காற்று என்று அண்ணன் சொன்னதும் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

அந்த மண்ணில் காக்சிடியாய்டிஸ் என்ற பூஞ்சை இருக்கிறது. வித்துகள் புழுதியோடு நுரையீரலுக்குள் போகும். பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். சிலருக்கு நாள்பட்டுத் தங்கி, எக்ஸ்ரேயில் காசநோய் மாதிரியே குழி காட்டும்.

காசநோய் மாத்திரை இதற்குக் கேட்காது. ரத்தப் பரிசோதனையும் சளிப் பரிசோதனையும் வேண்டும். உறுதியானால் ஃப்ளுகோனசோல் போன்ற பூஞ்சைக்கான மருந்து, குறைந்தது ஒரு வருடம்.

நீண்ட இருமலா? மருத்துவர் கேட்காவிட்டாலும் போய்வந்த இடங்களைச் சொல்லிவிடுங்கள், ப்ளீஸ்.

அப்புறம், இது இருமலில் அடுத்தவருக்குத் தொற்றாதாம். பிள்ளைகளை அண்டவிடாமல் வைத்திருந்த அண்ணி அங்கேயே அழுதுவிட்டார்.