ஹைட்ரோஸ் டிரம்மில் ஒட்டிய காகிதம்

சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் கணக்கும் ஸ்டோரும் என் பொறுப்பு. போன ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் ஸ்டோரிலிருந்த ஹைட்ரோஸ் டிரம் புகைய ஆரம்பித்தது. ஹைட்ரோஸ் என்பது சாயம் போடப் பயன்படும் ஒரு ரசாயனப் பொடி. யாரோ ஈரக் கரண்டியை உள்ளேயே போட்டு மூடியிருக்கிறார்கள். ஈரம் பட்டால் அந்தப் பொடி தானாகச் சூடாகும், பற்றவும் செய்யும். நான் போய்ப் பார்த்தபோது தீக்குச்சி உரசிய நாற்றம், கண்ணில் எரிச்சல். பீகார் பையன் ஒருவன் தொட்டியிலிருந்து ஒரு மக் தண்ணீர் மொண்டு ஊற்றினான். புகை அடங்காமல் குபுகுபுவென்று பொங்கியது. கத்திக்கொண்டே வந்த மேஸ்திரி, எல்லோரையும் வெளியே விரட்டிவிட்டு, வாசலில் நின்றபடி ஹோஸை நீட்டி டிரம் நிரம்பி வழியும்வரை விட்டார். அணைந்தது. எங்களுக்கு இரண்டு நாள் இருமல்.

"எல்லாத்துக்கும் எழுதி ஒட்டிடு" என்றார் முதலாளி. அடுத்த மாதம், எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் வேறு இருந்தது. எழுத எனக்கு என்ன தெரியும்? சரக்கு வாங்கும் செவ்வாய்பேட்டைக் கடையில், ரசாயனத்தின் ஆபத்தையும் கையாளும் முறையையும் சொல்லும் பாதுகாப்புத் தாள் கேட்டேன். "இத்தனை வருசத்துல நீங்கதாங்க முதல்ல கேக்கறீங்க" என்றார் கடைக்காரர். நான்கு நாள் நச்சரித்த பிறகு வாட்ஸப்பில் வந்தது. ஒவ்வொரு ரசாயனத்துக்கும் 16 பிரிவு, முழுக்க ஆங்கிலம். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தை வேலையாளுக்குச் சொல்வது முதலாளியின் கடமை என்று வைத்தார்கள். 1989 விதிகள் இந்தத் தாளையும் டிரம்மின் மேல் லேபிளையும் கேட்கின்றன. எங்கள் பட்டறையில் ஃபைல்கூட இல்லை.

ராத்திரி உட்கார்ந்து தமிழாக்கினேன். 'சோடியம் டைதயோனைட் சுயவெப்பமடையும் திடப்பொருள்' என்று அழகாக டைப் அடித்து ஒட்டினேன். மேஸ்திரி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இது யாரு வீட்டுச் சரக்கு?" என்றார். நியாயம்தான். இருபது வருடமாக அவருக்கு அது ஹைட்ரோஸ், பக்கத்தில் இருப்பது காஸ்டிக் (காஸ்டிக் சோடா), அதற்குப் பக்கத்தில் அசிட்டிக் (அசிட்டிக் ஆசிட்). பட்டறையில் புழங்கும் பெயரைப் பெரிதாகவும் ரசாயனப் பெயரைக் கீழே சின்னதாகவும் போட்டு மாற்றினேன்.

படம் போட்டால் எல்லோருக்கும் புரியும் என்று நினைத்ததும் என் தப்பு. காஸ்டிக் மூட்டையில் சிவப்புச் சாய்சதுரத்துக்குள் கை மேல் ஏதோ ஊற்றுகிற படம் இருக்குமே, அதைக் காட்டி என்ன என்று கேட்டேன். "கை கழுவணும்" என்றான் பையன். தோலை அரிக்கும் என்பதற்கான படம் அது. அதனால் ஒட்டுவதோடு நிறுத்தாமல், காலை டீ நேரத்தில் ஒரு நாளைக்கு ஒரு சரக்கு என்று சொல்லிக் காட்டினோம். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரி. ஹைட்ரோஸும் அசிட்டிக்கும் ஒரே அலமாரியில் இருந்தன. ஆசிட் பட்டால் ஹைட்ரோஸிலிருந்து அதே தீக்குச்சி வாயு கிளம்பும். அன்றைக்கே பிரித்தோம். என்னைவிட மேஸ்திரி சொன்னபோதுதான் பையன்கள் கேட்டார்கள், அது வேறு விஷயம்.

ஹைட்ரோஸ் லேபிளில் கொட்டை எழுத்தில் 'தண்ணீர் படக்கூடாது' என்று போட்டிருந்தேன். இரண்டு சிவப்பு வாளியில் மணலும் வாங்கி வைத்தாயிற்று. அந்தப் பீகார் பையன் கேட்டான்: "அண்ணா, தண்ணி படக்கூடாதுன்னு போட்டிருக்கு. அன்னைக்கு மேஸ்திரி தண்ணிதானே விட்டாரு?"

என்னிடம் பதில் இல்லை. தாளை எடுத்து ஐந்தாவது பிரிவைத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் தண்ணீர் பட்டால் பற்றும். பற்றிவிட்டால் வெள்ளமாகத் தண்ணீர் விட்டுத்தான் நிறுத்த வேண்டும். அது எரியக் காற்றே தேவையில்லை என்பதால் மணல் போட்டு மூடி பிரயோஜனம் இல்லை. ஒரே வரியில் இருந்திருக்கிறது, அவசரத்தில் தாண்டிவிட்டேன். மேஸ்திரியிடம் கேட்டால், "நான் அந்தக் காலத்துலயே பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார். இத்தனை வருடம் யாருக்கும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இதை எப்படி ஒரு லேபிளில் அடக்குவது? நான் மூன்று வரி எழுதிக் கிழித்தேன். பையன் மார்க்கரை வாங்கி, ஒரு மக் வரைந்து பெருக்கல் குறி போட்டான். பக்கத்தில் தண்ணீர் கொட்டும் ஹோஸ் வரைந்து டிக் போட்டான். அடியில் நான் தமிழில் எழுத, அவன் இந்தியில் எழுதினான்.

ஆடிட்டுக்கு வந்தவர் ஃபைலைப் புரட்டி டிக் அடித்துக்கொண்டே ஸ்டோருக்கு வந்தார். "இந்தப் படம் லிஸ்ட்ல இல்லையே?" என்றார். லிஸ்ட்டில் உள்ளதும் மேலே ஒட்டியிருக்கிறது என்று காட்டினேன். மணல் வாளிகள் இப்போது டீசல் பேரல் பக்கம் இருக்கின்றன. கரண்டியை டிரம்முக்கு வெளியே ஆணியில் மாட்டியிருக்கிறோம்.